நிகழ்வு ஒன்றுக்கு ஐம்பதாயிரம்

எல்க்ஹார்ட் நகரில் இலோனா கெரேக்
கடைச் சாவியை என் முன் வைத்துவிட்டுச் சொன்னாள்:
"எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணையும் சேர்த்து."
மாநில அலுவலகக் கடிதம் நான்கு பக்கம்.
நான்காம் பக்கத்தில் ஒரு தொகை.
அவள் அப்பா வெளுத்த கோட்டுகளை எல்லாம்
திருடி விற்றிருந்தாலும் தேறாத தொகை.

பெலா கெரேக்,
தண்ணீர் படாமல் துணி வெளுத்தவர்.
இயந்திரத்தின் பின்னால் ஒரு வடிகால்.
இனிப்பாக வாடையடிக்கும் திரவம்
சொட்டும். பிறகு
சொட்டும்.
சிமெண்டுத் தரை தாங்கும் என்று நம்பினார்கள்.
நீரைவிடக் கனம் அதற்கு.
நிலத்தடி நீருக்கும் கீழே போய்
சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வீட்டு மார்வெல்லா டிகின்ஸ்
நிலவறையில் இரவும் பகலும்
ஒரு விசிறியை ஓடவிட்டுத் தூங்குகிறாள்.

என் தொழிலின் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள்:
காப்பீட்டு அகழாய்வு.
மண்வெட்டி கிடையாது, தும்மல் உண்டு.
அறுபத்தேழில் கட்டிய பிரீமியத்துக்கு
இன்று ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.
அந்தக் காலத்துப் பாலிசிகள் சாவதில்லை.
எப்போது வந்து கேட்கிறாய் என்று கேட்காது,
எப்போது கெட்டது என்று மட்டும் கேட்கும்.
பின்னால் வந்தவை கெட்டிக்காரப் பாலிசிகள்,
மாசு என்று வாயெடுத்ததும்
கதவைச் சாத்திக்கொள்ளும்.

பெலா எல்லாவற்றையும் எரித்திருந்தார்.
ஏழு வருடக் காகிதம் போதும் என்றாராம் கணக்கர்.
மிஞ்சியது மூன்று செருப்புப் பெட்டி:
ஹேங்கர் வாங்கிய ரசீதுகள்,
தொலைந்த பித்தான்களுக்கு ஒரு பதிவேடு
(எவ்வளவு நேர்மையான மனிதர்!),
முகவர் ஹோபார்ட் லின்ட் கொடுத்த நாட்காட்டி,
மலையருவிப் படத்துக்குக் கீழே
கம்பெனியின் பெயர்.

அந்தக் கம்பெனி மூன்று முறை மணமுடித்து
மூன்று முறை பெயர் மாற்றியிருந்தது.
தொலைபேசியில் ஓர் இளைஞன், மிகப் பணிவாக:
"பாலிசி எண் இருந்தால் பேசலாம், மேடம்."
நாட்காட்டியில் எண் இருந்தது,
தேதிகளின் எண்.

பதினோராம் வாரம்
பித்தான் பதிவேட்டை மறுபடி புரட்டினேன், சும்மாதான்.
'உயர்நிலைப் பள்ளி பாண்டு. பொன்னிறப் பித்தான் ஆறு.'
அடுத்த ஆண்டும். அதற்கடுத்த ஆண்டும்.
தொண்ணூற்று நான்கு சீருடைகளை
ஒரு பள்ளிக்கூடம் சும்மா தூக்கிக் கொடுக்குமா?
காப்பீடு இருக்கிறதா என்று கேட்டிருக்கும்,
சான்றிதழ் வாங்கிக் கோப்பில் போட்டிருக்கும்,
பள்ளிக்கூடங்கள் எதையும் எறிவதில்லை.

கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், தகர அலமாரியில்,
டியூபா பழுதுபார்த்த பில்லுக்கு அடியில் இருந்தது.
கார்பன் நகல், கத்தரிப்பூ நிறம்.
எண். தேதி. லின்டின் கோணல் கையெழுத்து.
நிகழ்வு ஒன்றுக்கு ஐம்பதாயிரம் டாலர்.

அதன்பின் வக்கீல்கள் வந்தார்கள்.
ஒவ்வொரு சொட்டும் ஒரு நிகழ்வா,
பத்தொன்பது வருடமும் சேர்ந்து ஒன்றா?
'திடீரென்று' என்றால் எவ்வளவு வேகம்?
இரண்டு குளிர்காலம் அதைப் பேசினார்கள்.
அந்தப் பேச்சுக்குக் கூலியும் பழைய பாலிசிதான் கொடுத்தது,
அதைச் சொன்னபோதுதான் இலோனா முதன்முறை சிரித்தாள்.

கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் வந்தது.
துளையிடும் வண்டி வந்தது.
சாவியை நான் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு, "அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா?" என்றாள்.
காகிதத்தில் இல்லாததை நான் சொல்வதில்லை.

மார்வெல்லா வேலியோரம் நின்று கேட்டாள்:
"அதில் என் பெயர் இருக்கிறதா?"
இல்லை. 'மூன்றாம் நபர்' என்றிருக்கிறது.
"எந்த வருடம்?"
அறுபத்தேழு.
"நான் பிறக்கவே இல்லையே" என்றாள்.
கொஞ்ச நேரம் துளைக்கருவியைப் பார்த்தாள்.
பிறகு, விசிறியை எப்போது நிறுத்தலாம் என்றாள்.
இன்னும் இரண்டு வருடம் என்றேன்,
மூன்றாகவும் ஆகலாம்.